தமிழ் மேடையில் இப்போது என்னென்ன கதைகள் ஓடுகின்றன?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். சின்ன வயதில் அப்பாவோடு சபாவில் சில காமெடி நாடகங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்திருக்கிறீர்கள், அதற்கப்புறம் நாடகம் பக்கமே போகவில்லை. இப்போது "தமிழ் நாடகம் என்றால் இவ்வளவுதானா, இன்றைய வாழ்க்கையைச் சொல்கிற கதைகள் மேடைக்கு வருவதே இல்லையா" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. கதைகளே இல்லையா என்பது ஒன்று, இருந்தும் நம் கண்ணில் படவில்லையா என்பது இன்னொன்று. பல வருஷமாகச் சென்னையில் சின்னக் குழுக்களுக்கு லைட்டிங், பின்மேடை வேலை செய்துவருகிறேன். அதை வைத்துச் சொன்னால் முதல் கேள்விக்குப் பதில் "இருக்கிறது, நிறையவே இருக்கிறது". இரண்டாவதுதான் உண்மையான பிரச்சினை. தமிழில் எந்தக் கதை மேடை ஏறும் என்பதை எழுதுகிறவரைவிட, அது நடக்கும் இடமும் அதற்குப் பணம் கொடுக்கிறவர்களும்தான் அதிகம் தீர்மானிக்கிறார்கள். இடம் மாறினால் கதை மாறும், பார்க்க வருகிற ஆட்களும் மாறுவார்கள். ஒரு இடத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு இடத்துக்குப் போவது அபூர்வம் என்பதால், அவரவருக்குத் தெரிந்ததுதான் மொத்தத் தமிழ் நாடகம் என்று தோன்றிவிடுகிறது.

சபாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்களுக்குத் தெரிந்த இடம் அதுதான். சபா என்பது உறுப்பினர் சந்தாவில் நடப்பது. வருஷ சந்தா கட்டியவர் குடும்பத்தோடு வருவார், தாத்தா பாட்டியும் பேரனும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருப்பார்கள். ட்ரூப்புக்கு ஒரு ஷோவுக்கு இவ்வளவு என்று சபா பேசிவிடும், அதனால் அன்றைக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்பதைவிட சபா செகரட்டரி அடுத்த தடவை கூப்பிடுவாரா என்பதுதான் ட்ரூப்புக்கு முக்கியம். யார் மனமும் புண்படாத, இரண்டு மணி நேரத்தில் முடிகிற குடும்பக் கதைக்கும் சிரிப்புக்கும் அங்கே எப்போதும் இடம் இருப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். ஆனால் சபா என்றாலே காமெடி என்று சொல்வது சரியில்லை. 1968ல் சோ "முகமது பின் துக்ளக்" போட்டபோது அது சபா மேடையில் வந்த நேரடி அரசியல் நாடகம். 1980ல் கோமல் சுவாமிநாதன் "தண்ணீர் தண்ணீர்" போட்டார். அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமம், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு தலைமறைவு ஆள், ஊர்க்காரர்கள் தாங்களே கால்வாய் வெட்டப் போனால் குறுக்கே நிற்கும் அதிகாரிகள், இதெல்லாம் மயிலாப்பூர், மாம்பலம் சபாக்களில் நகரத்து நடுத்தர வர்க்கம் உட்கார்ந்து பார்த்த கதை. அடுத்த வருஷமே பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். எண்பதுகளில் டிவி வீட்டுக்குள் வந்தபிறகு, வெளியே கிளம்பி வருகிறவரை இழுக்க உத்தரவாதமான சிரிப்பு தேவைப்பட்டது, ஜோக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகிற, துணுக்குத் தோரணம் என்று விமர்சகர்கள் சொன்ன பாணி நிலைத்தது. இது என் கணிப்புதான், இதை மறுக்கிறவர்களும் உண்டு. கிரேஸி மோகனைப் பொறுத்தவரை ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் நாடகங்களைத் துணுக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஆள்மாறாட்டக் கதையை அவர் பின்னுகிற விதத்தில் கச்சிதமான கட்டுமானம் இருந்தது, மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தால் யார் எந்தப் பக்கத்திலிருந்து எப்போது நுழைகிறார் என்பதில் ஒரு வினாடி பிசகினாலும் மொத்தமும் விழுந்துவிடும். இன்றைக்கும் சபாவில் கனமான கதைகள் வருகின்றன. ஒய்.ஜி. மகேந்திரனின் "சாருகேசி" மறதி நோய் வந்த ஒரு கர்நாடக சங்கீத வித்வானைப் பற்றியது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் வருஷாவருஷம் நடத்தும் கோடை நாடக விழாவில் புதிதாக எழுதப்பட்ட நாடகங்கள் வரிசையாக அரங்கேறும். முதியோர் தனிமை, வெளிநாட்டுப் பிள்ளைகள், விவாகரத்து, தத்தெடுப்பு எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. சாதி மட்டும் அங்கே பெரும்பாலும் வராது. அது எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது நீங்கள் ஊரில் பார்த்த வள்ளி திருமணம். அதைப் பழைய கதை என்று நகர்த்திவிடாதீர்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்தில் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இதில் நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி ஒரு ஊர், கோமாளியாக வரும் பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். கோயில் விழாக் கமிட்டி நடிகர் சங்கத்தின் வழியாக ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அவர்கள் படம் போட்டு நோட்டீஸ் அடிக்கும். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சிலர் முதல் தடவையாகச் சந்தித்துக்கொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் இது சாத்தியமாகிறது. முதலில் பபூன் வருவார், அப்புறம் நடனக்காரர், இரண்டு பேருடைய பேச்சும் பாட்டும் நள்ளிரவு தாண்டும். நீங்கள் தேடும் இன்றைய வாழ்க்கை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. டாஸ்மாக், செல்போன், வட்டிக் கடன், பொண்ணு கிடைக்காத மாப்பிள்ளை என்று பபூன் அந்த வாரத்து ஊர்ப் பேச்சை அப்படியே எடுத்துப் பேசுவார். அப்புறம் கதை தொடங்கி, வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் வரும். தினைப்புனத்துக் காவலில் நிற்கும் பெண்ணிடம் நாரதர் கேள்வி போட, அவள் மடக்க, அவர் பாட்டாகத் திருப்ப, ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்திலிருந்தே குறுக்கே ஒரு வார்த்தை போட, கூட்டத்தில் வயசான ஆட்கள் "அதுக்கு பதில் சொல்லு தாயி" என்று கத்துவார்கள். எழுதிய வசனம் எங்கே முடிந்தது, அந்த நேரத்தில் தோன்றியது எங்கே ஆரம்பித்தது என்று பிரித்தறிய முடியாது. பயிற்சி பெற்ற நடிகர்கள் பலருக்கு இந்தத் திறமை இல்லை, நான் வேலை செய்த குழுக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வட மாவட்டங்களில் அந்த இடத்தில் தெருக்கூத்து இருக்கிறது. பெரும்பாலும் பாரதக் கதை, திரௌபதி அம்மன் திருவிழா, விடிய விடிய ஆட்டம். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தையும், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் எழுதிய, சிறகு முளைத்த கிழவர் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். 2016ல் பாரிஸில் பிரெஞ்சு இயக்குநர் ஆரியான் முனூஷ்கின் குழு போட்ட, இந்தியாவில் நடப்பதாக அமைந்த நாடகத்தில் தெருக்கூத்துக் காட்சிகள் வரும். அதற்கு நடிகர்களைப் பழக்கியவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன். கூத்துக்காரர்கள் பழசையே ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்று நகரத்தில் சொல்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

இனி, நீங்கள் "காணோம்" என்று சொல்கிற பகுதி. நவீன நாடகம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அறுபதுகளின் கடைசியில் ந. முத்துசாமி "காலம் காலமாக" எழுதினார், எழுபதுகளில் இந்திரா பார்த்தசாரதி "ஔரங்கசீப்", "நந்தன் கதை" எழுதினார். முதலில் இவை சிறுபத்திரிகையிலும் புத்தகத்திலும் இருந்தன, போடுவதற்குக் குழுக்கள் பின்னால்தான் வந்தன. 1977ல் கூத்துப்பட்டறை, 1978ல் ஞாநியின் பரீக்‌ஷா, அதே காலத்தில் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம், 1984ல் பிரளயனின் சென்னைக் கலைக்குழு. 1977ல் காந்திகிராமத்தில் நடந்த பயிற்சிப் பட்டறையும், 1980ல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறையும் இவர்களில் பலரை ஒன்றாக உட்காரவைத்தன. செட் இல்லாமல், திரை இல்லாமல், ஒரு மைதானத்திலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ நாடகம் போடலாம் என்ற தைரியம் அங்கிருந்து வந்தது. செலவு குறைந்ததும் சொல்லக்கூடிய கதைகள் பெருகின. யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. "ஔரங்கசீப்"பை இன்றைக்கு எடுத்துப் படித்துப் பாருங்கள். எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கத் துடிக்கும் ஒரு ஆட்சியாளனுக்கு அவன் தரப்பு நியாயத்தையும் முழுசாகக் கொடுத்து, அவன் தனிமையையும் காட்டியிருக்கிறார். "நந்தன் கதை"யில் நந்தன் ஜோதியில் கலக்கவில்லை. அவனைத் தீயில் இறங்கவைக்கச் சாதி வேறுபாடு மறந்து மேலே இருப்பவர்கள் கூடிப் பேசுகிறார்கள். நாலு பேருக்குத் தெரிந்த பக்திக் கதையை இப்படித் திருப்பிச் சொல்லும்போது அரங்கில் ஏற்படும் சங்கடம் இருக்கிறதே, அதற்காகவே நாடகம் வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

தொண்ணூறுகளிலிருந்து யார் கதை சொல்கிறார்கள் என்பதே மாறியது. கே.ஏ. குணசேகரனின் "பலி ஆடுகள்" தலித் அரங்கின் முன்னோடி என்று பேசப்படுகிறது. அ. மங்கை பெண் சிசுக்கொலை பற்றி "பச்சமண்ணு" என்ற நாடகத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பிற்பாடு திருநங்கைகளே கண்ணாடிக் கலைக்குழு என்று சேர்ந்து தங்கள் கதையை ஆடினார்கள். ஸ்ரீஜித் சுந்தரத்தின் கட்டியக்காரி குழு பாமாவின் "மொளகாப் பொடி" கதையை மேடைக்குக் கொண்டுவந்தது. தன் நிலத்தில் புல் அறுக்க வரும் பெண்களின் கண்ணில் மிளகாய்ப் பொடி வீசும் ஒரு நிலக்காரி, அவளை எதிர்கொள்ளும் பெண்கள், இவ்வளவுதான் கதை. திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதி தன் சுயசரிதையான "வெள்ளை மொழி"யைத் தானே தனி ஆளாக நடித்திருக்கிறார். கையால் மலம் அள்ளுகிறவர்கள் பற்றி பாஷா சிங் எழுதிய புத்தகத்திலிருந்து "மஞ்சள்" என்ற நாடகம் வந்தது. சாக்கடைக் குழிக்குள் ஒருவர் இறங்கிச் செத்தார் என்ற செய்தியை நாம் பேப்பரில் ஒரு பத்தியில் படித்துவிட்டுப் போகிறோம். மேடையில் அப்படி நகர முடியாது, உங்களுக்குப் பத்தடி தூரத்தில் உயிருள்ள ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். இவற்றை எல்லாம் கருத்துப் பிரச்சாரம் என்று ஒரு வரியில் தள்ளுகிறவர்கள் உண்டு. சில தெருநாடகங்கள் கோஷமாக முடிவது உண்மைதான், ஆனால் மேலே சொன்னவை அப்படிப்பட்டவை அல்ல.

இன்னொரு பக்கம் இலக்கியத்திலிருந்து வருகிற நாடகங்கள். மேஜிக் லேண்டர்ன் குழு 1999ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் "பொன்னியின் செல்வன்" போட்டபோது நாடகமே பார்க்காதவர்கள் கூட்டமாக வந்தார்கள், 2014ல் அது மறுபடியும் மேடை ஏறியது. பெர்ச் குழு கி. ராஜநாராயணன் கதைகளைக் கோத்து ஒரு நாடகமும், ஊருக்குத் திரும்பும் ஒரு நடிகையைப் பற்றி "மிஸ் மீனா" என்று சுவிஸ் நாடகாசிரியர் டூரன்மாட் எழுதிய நாடகத்தின் தழுவலும் செய்தது. கோவில்பட்டி முருகபூபதியின் மணல்மகுடி குழு போடும் நாடகங்களில் கதை என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. மண், மிருகம், முகமூடி, ஒப்பாரி, வாத்தியம் எல்லாம் சேர்ந்து வரும். முதல் தடவை பார்க்கிறவர் இதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், இரண்டு மூன்று நாடகம் பார்த்துவிட்டுப் போங்கள். குழந்தைகள் இருந்தால் புதுச்சேரி வேலு சரவணனின் நாடகங்களுக்குக் கூட்டிப்போங்கள்.

தமிழ் நாடகம் என்று கேட்டுவிட்டு யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் போனால் பதில் பாதிதான். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978ல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கினார். அவருடைய "மண் சுமந்த மேனியர்" 1985ல் பல்கலைக்கழக மாணவர்களோடு ஊர் ஊராகப் போனது, போரின் நடுவே, அதைப் பார்த்த சனங்களின் சொந்தக் கதையாக. அவருடைய "எந்தையும் தாயும்" பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனித்திருக்கும் பெற்றோர் பற்றியது. "அன்னை இட்ட தீ" போர் மனதில் செய்த சேதத்தைப் பற்றியது. பெற்றோர் தனிமை என்ற அதே விஷயம் சென்னை சபாவிலும் வருகிறது என்று முன்னால் சொன்னேன் அல்லவா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடம் கதையை என்ன செய்கிறது என்பது புரியும். அங்கே பிள்ளை போனது வேலைக்காக மட்டும் இல்லை, உயிர் பிழைப்பதற்காக. அவன் திரும்பி வந்தால் செத்துப்போவான் என்று பயப்படுகிற அம்மாவும், வரவில்லையே என்று ஏங்குகிற அம்மாவும் ஒரே ஆள். புலம்பெயர்ந்த நாடுகளிலும் இது தொடர்கிறது, டொரண்டோவில் மனவெளி கலையாற்றுக் குழு தொண்ணூறுகளிலிருந்து நாடகம் போட்டுவருகிறது. ஈழத்து நாடகங்களை நான் அதிகம் அறிந்தது அச்சுப் பிரதிகளின் வழியாகத்தான். அதனால் நடிப்பு, தயாரிப்பு பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதேபோல, மேலே நான் சொன்ன தமிழ்நாட்டுச் செய்திகளும் சென்னை, மதுரை, புதுச்சேரி பக்கம் சாய்ந்தவை. கொங்குப் பகுதி ஆட்கள் யாராவது சேர்த்துச் சொன்னால் நல்லது.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஹால் வாடகை, ஒத்திகை இடம், நடிகர்களின் நேரம் ஆகிய மூன்று. இரண்டு மூன்று மாதம் சாயங்காலம் சாயங்காலம் ஒத்திகை பார்த்துவிட்டு இரண்டு ஷோவோடு நாடகம் நின்றுபோவது சாதாரணம். காலையில் ஹால் கையில் கிடைக்கும், மதியத்துக்குள் லைட்டை ஏற்றி ஃபோகஸ் பண்ணி, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, ஏழு மணிக்கு ஷோ, பத்து மணிக்குள் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது ஷோவுக்குப் பணம் சேர்வதற்குள் முக்கிய நடிகருக்கு ஷூட்டிங் வந்துவிடும். போகாதே என்று யாரும் சொல்ல முடியாது, பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் மேடையிலிருந்துதான் போனார்கள், சினிமாவில்தான் சம்பளம் இருக்கிறது. சபாவுக்கு இருப்பது போன்ற ஒரு சந்தா ஏற்பாடு சின்னக் குழுக்களுக்கு இல்லை. அதனால் ஒரு நல்ல நாடகம் வந்த செய்தி உங்களுக்கு எட்டும்போது அது முடிந்திருக்கும். தணிக்கையும் காரணமா என்று கேட்டால், ஒரு காலத்தில் இருந்தது என்பது நிச்சயம். 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடகச் சட்டத்தை எதிர்த்து ஞாநி வழக்குப் போட்டு, 2013ல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் எழுதுகிறவர்கள் தாங்களே அடக்கி வாசிக்கிறார்களா என்பது சந்தேகமான இடம். 1968ல் இருந்த நேரடி அரசியல் கேலி இன்றைய மேடையில் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது, பயமா, வேறு காரணமா என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் கேள்வியில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. புதிதாக மேடைக்கென்றே எழுதுகிறவர்கள் குறைவு. சிறுகதையை, நாவலை, வெளிநாட்டு நாடகத்தை எடுத்துக் கோப்பதுதான் அதிகம் நடக்கிறது, நாடகப் புத்தகம் விற்காததால் பதிப்பாளர்களும் தயங்குகிறார்கள். அதனால்தான் சில வாழ்க்கைகள் இன்னும் சரியாக மேடைக்கு வரவில்லை. ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பெண், உணவு டெலிவரிப் பையன், திருப்பூரில் வேலை செய்யும் பீகார்க்காரர், அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பது என்று நடக்கும் கூட்டம். இந்தக் கடைசி விஷயம் ஒரே செட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிரமாதமான நாடகம், யாராவது எழுதினால் லைட்டிங் நான் இலவசமாகச் செய்து தருகிறேன்.

எங்கே போய்ப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் கடைசியில் சென்னையில் இருந்தால் கோடை நாடக விழாவில் இரண்டு நாடகம் பாருங்கள். நுங்கம்பாக்கம் அலையான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் ஸ்பேசஸ், எழும்பூர் மியூசியம் தியேட்டர், ஆழ்வார்பேட்டையில் "மேடை" என்ற அரங்கம், இந்த நாலு இடங்களின் நிகழ்ச்சி அறிவிப்புகளையும் பின்தொடருங்கள். அப்புறம் உங்களுக்குப் பிடித்த குழுவின் வாட்ஸப் லிஸ்டில் பெயர் கொடுத்துவிடுங்கள், பேப்பர் விளம்பரத்தை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது வராது. கூத்து பார்க்க ஆசை என்றால் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நடக்கும் நாடக விழாவுக்குப் போங்கள், ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும், பாய் ஒன்று எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஸ்பெஷல் நாடகத்துக்குப் பங்குனியில் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் யாராவது சொந்தக்காரர் இருந்தால் கேட்டு வையுங்கள், நோட்டீஸ் அவர்கள் ஊர்ச் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.